ஓடை பயன்பாட்டில் இல்லை

மனுவில் 'பறவை' என்று எழுத மாமா விடமாட்டார்.

முதல் தடவை நான் எழுதிக் கொடுத்த மனுவைக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மூன்று பக்கம். நீர்ப்பறவைகளின் வாழிடம், வலசை, பல்லுயிர்ச் சூழல் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் அதில் கொட்டியிருந்தேன். முடித்துவிட்டு, "நல்லா இருக்குல மருமவனே, பத்திரிகைக்கு அனுப்பு" என்றார். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவரே எழுதினார். கிராமத்தின் பெயர், புல எண், உட்பிரிவு, எத்தனை ஹெக்டேர் எத்தனை ஏர், 'அ' பதிவேடு என்கிற நிலப் பதிவேட்டில் என்ன வகைப்பாடு, இன்றைய தேதியில் தரையில் என்ன இருக்கிறது. அளந்து எல்லைக்கல் நட்டுத் தரும்படி வேண்டுகிறேன். ஒப்பம். மொத்தம் ஏழு வரி.

"பறவைன்னு எழுதினா இது எங்க இலாகா இல்லைம்பான். அடுத்த இலாகாவுக்குத் தள்ளுவான். அங்க இருக்கவன், இது சரணாலயம் இல்லையேம்பான். மனு ரெண்டு ஆபீசையும் சுத்தி வாரதுக்குள்ள கொக்கு முட்டை போட்டு, குஞ்சு பொரிச்சு, பறந்தே போயிரும். புல எண்ணை எழுதுனா தப்பிக்க முடியாதுல்லா. நிலம் எங்க ஓடப் போவுது?"

மாமா அம்மாவின் அண்ணன். நாங்குநேரி தாலுகாவில் 29 வருஷம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து 2013-ல் ஓய்வு பெற்றவர். தமிழ்நாட்டில் பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை 1980-ல் ஒழித்தார்கள். அதன்பிறகு பரீட்சை எழுதி வேலைக்கு வந்த முதல் தலைமுறை வி.ஏ.ஓ.க்களில் அவரும் ஒருவர். ஆனாலும் ஊரில் பெரியவர்களுக்கு அவர் கடைசிவரை கணக்கப்பிள்ளைதான். சம்பளம் வாங்குகிற பரீட்சைக்காரர் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டதாகவே தெரியவில்லை.

வி.ஏ.ஓ. வேலை என்றால் பலருக்கும் சாதிச் சான்றுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் என்றுதான் நினைவுக்கு வரும். உண்மையில் ஒரு ஊரின் தரை முழுக்க அவர் கணக்கில் இருக்கிறது. எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று அடங்கலில் எழுத வேண்டும். புறம்போக்கில் நிற்கிற புளிய மரத்தையும் பனையையும் யார் அனுபவிக்கிறார்கள் என்பதற்கு 2சி பட்டா என்று ஒன்று தனியாக உண்டு. பிறப்பு, இறப்பும் அவரிடம்தான். பசலி என்கிற வருவாய்க் கணக்கு வருஷம் முடியும்போதெல்லாம் ஜமாபந்தி என்கிற வருடாந்திரத் தணிக்கையில் இத்தனை கணக்கையும் கட்டித் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். இதையெல்லாம் கால் தரையில் படாமல் எழுத முடியுமா என்றால், முடியும். டீக்கடையில் உட்கார்ந்து, போன வருஷத்து அடங்கலைப் பார்த்து இந்த வருஷத்து அடங்கலை எழுதிவிடலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் எழுதினார்கள்.

மாமா நடப்பார். விடிவதற்கு முன்னால் கிளம்பிவிடுவார். தோளில் ஈரத்துண்டு, கையில் கம்பு, சட்டைப் பையில் பாதியாக மடித்த நோட்டு. குளத்துக் கரை, மடை, நிரம்பிய தண்ணீர் வெளியேறுகிற மறுகால், தண்ணீர் நிற்கிற உள்வாய், அங்கிருந்து ஓடையோடு அடுத்த குளம். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி என்ற கணக்கெல்லாம் கிடையாது. ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலும் அதே நேரத்துக்குக் கதவு திறக்கிற சத்தம் கேட்டதாம். "இவுகளுக்கு எங்கப்பா என்னையக் கட்டிக் குடுத்தாகளா, அந்தக் குளத்துக்குக் கட்டிக் குடுத்தாகளான்னே தெரியல" என்று அத்தை சொல்வாள். சிரித்துக்கொண்டே சொல்வாள் என்று எழுத ஆசைதான். பல சமயம் சிரிக்காமல்தான் சொல்வாள். அவளுடைய தம்பி கல்யாணத்தன்று, மறுகாலில் யாரோ மண் போட்டு அடைக்கிறார்கள் என்று தகவல் வந்ததும் தாலி கட்டுவதற்கு முன்பே எழுந்து போனவர் இவர்.

பறவை பார்க்க அவருக்குக் கற்றுக்கொடுத்தது அவருடைய தலையாரி. பேருக்குக் கிராம உதவியாளர், மாமாவுக்குக் கீழே வேலை பார்த்தவர். ஆனால் குளத்தங்கரையில் மாமாதான் மாணவர். நத்தைகொத்தி, பாம்புத்தாரா, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நாமக்கோழி எல்லாம் அந்த மனிதர் வாயிலிருந்து வந்தவை. புத்தகம் எதுவும் இல்லை. பைனாகுலர் நான் 2009-ல் வாங்கிக் கொடுத்ததுதான். அதை வைத்துக்கொண்டு கரையில் ஏறியதும் அவர் முதலில் தேடுவது இன்றைக்கும் ஜேசிபியைத்தான். வண்டல் எடுக்க அனுமதி வாங்கிவிட்டு, கரையை ஒட்டி ஆழமாகத் தோண்டிவிடுகிறார்கள். கரைக்கும் பலம் போகிறது, குளிக்க வருகிற பிள்ளைகளுக்கும் ஆபத்து. வண்டி எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் கண்ணாடி கொக்குப் பக்கம் திரும்பும்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது என்னைச் சைக்கிள் பின்னால் உட்கார வைத்துக் கூந்தன்குளம் கூட்டிப் போனார். மூலைக்கரைப்பட்டி தாண்டும்போதே எனக்குக் கால் மரத்துவிட்டது. அது அப்போது சரணாலயம் ஆகவில்லை. 1994-ல்தான் அறிவித்தார்கள். ஊருக்குள் நுழைந்ததும் எனக்கு முதலில் எட்டியது நாற்றம்தான். மீன் நாற்றமும் எச்சத்தின் நாற்றமும் கலந்து மூக்கைப் பிடிக்க வைத்தது. வீட்டு வாசலில் நிற்கிற வேம்பு, புளி எல்லாவற்றிலும் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருந்தன. கீழே ஒரு பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள், தலைக்கு மேல் குஞ்சுகள் ஒரே கத்தல், முதுகில் எச்சம் விழுகிறது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பிரசவத்துக்கு வந்த பிள்ளைக மாதிரி. விரட்டவா முடியும்?" என்றாள். அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டலை அள்ளிப்போய் வயலில் போடுகிறார்கள். நாரை வந்தால் மழை உண்டு, விளைச்சல் உண்டு என்பது அவர்கள் கணக்கு.

கூந்தன்குளத்துக்கு 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்கிற ராம்சர் தகுதியும் கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் அங்கே கூடு கட்டுகிற நாரை மீன் பிடிக்க எங்கே போகும்? 129 ஹெக்டேர் குளம் அத்தனை குஞ்சுக்கும் சோறு போடாது. சுற்றுவட்டாரத்தில் இருக்கிற பெயர் தெரியாத குளங்களுக்கெல்லாம்தான் போகும். எங்கள் ஊர்க் குளம் அப்படி ஒன்று. சரணாலயம் இல்லை, போர்டு இல்லை, டூரிஸ்ட் வருவதில்லை. பதிவேட்டில் 'குளம் புறம்போக்கு' என்று ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான் அதற்குப் பாதுகாப்பு. மாமா வாழ்நாள் முழுக்கக் காவல் காத்தது அந்த ஒரு வரியை.

இதில் பி மெமோ என்றொரு வேடிக்கை உண்டு. அரசு நிலத்தை ஆக்கிரமித்தால் வி.ஏ.ஓ. பி மெமோ போடுவார், ஒரு சின்ன அபராதம் விதிக்கப்படும். பயப்படுவார்கள் என்றுதானே நினைப்போம்? நேர்மாறு. ஆக்கிரமித்தவரே வந்து, "ஐயா, எனக்கு மெமோ போடுங்க" என்று நிற்பார். வருஷா வருஷம் அபராதம் கட்டிய ரசீதை அடுக்கி வைத்துக்கொண்டு, இத்தனை வருஷமாக இது என் அனுபவத்தில் இருக்கிறது என்று பட்டா கேட்பதற்கு அதுவே அத்தாட்சி. மாமா மெமோவும் போடுவார், குறிப்புக் கலத்தில் "இது நீர்வழி, ஆட்சேபணைக்குரியது" என்று அடிக்கோடிட்டும் வைப்பார். அந்த அடிக்கோட்டுக்காக இரண்டு தடவை மாறுதல் வாங்கியிருக்கிறார்.

ஜெயித்த கதையாகவே சொல்லிக்கொண்டு போனால் அவருக்கே பிடிக்காது. சமூகக் காடு திட்டத்தில் எண்பதுகளில் குளத்து உள்வாய்களில் நாட்டுக் கருவேலம் நட்டார்கள். தண்ணீருக்குள் நிற்கிற முள்மரம், நாய் ஏறாது, பாம்பு வருவதும் குறைவு. கூடு கட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. தொண்ணூறுகளின் கடைசியில் அவர் வேலை பார்த்த ஒரு ஊரில் அந்த மரங்கள் ஏலத்துக்கு வந்தன. பிப்ரவரி மாதம், கூடுகளில் குஞ்சுகள். மாமாவும் தலையாரியும் இடுப்பளவுத் தண்ணீரில் நாலு நாள் நடந்து, கூடு உள்ள மரத்துக்கெல்லாம் சுண்ணாம்பில் நம்பர் போட்டார்கள். ஊரே சிரித்தது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அலைந்த அலைச்சலில் வெட்டு ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போனது. குஞ்சுகள் பறந்தன. ஜூனில் மரங்கள் விழுந்தன. அடுத்த வருஷம் நாரைகள் வந்து, குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. "நாலு மாசம் வாங்கிக் குடுத்தேன். அவ்வளவுதான் நம்மால ஆச்சு" என்பார்.

சென்னையில் வேலை பார்த்த காலத்தில் வேடந்தாங்கலுக்குப் போய்விட்டு அவருக்கு போன் போட்டேன். சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதால் ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள், 1798-ல் லயனல் பிளேஸ் எழுத்துமூலமாக உரிமை கொடுத்தார் என்று அங்கே சொல்கிற கதையைச் சொன்னேன். பார்த்தீர்களா மாமா, ஒரு ரெவின்யூ அதிகாரியின் காகிதம்தான் அங்கேயும் காப்பாற்றியிருக்கிறது என்று கொஞ்சம் உற்சாகமாகவே சொன்னேன். மறுமுனையில் அமைதி. அப்புறம், "கலெக்டர் கையெழுத்துப் போட்டாரு, சரி. அவருக்கு ரிப்போர்ட் எழுதுன கணக்கப்பிள்ளை யாருல?" என்றார்.

ஓய்வுக்குப் பிறகு நிலைமை தலைகீழ். இத்தனை வருஷம் மனு வாங்கியவர், திங்கட்கிழமைதோறும் மனு கொடுக்கிற வரிசையில் நின்றார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வரைபடத்தின் நகல் கேட்பார். முப்பது நாள் என்று காலண்டரில் வட்டம் போட்டு வைப்பார். நீர்நிலை ஆக்கிரமிப்பு அகற்றுவதற்கான 2007-ஆம் வருஷத்துச் சட்டத்தின் நகல் ஒன்று எப்போதும் மஞ்சள் பையில் இருக்கும். எங்கள் குளத்தின் வரத்துக்கால் மூன்று வருஷத்தில் பதினோரு மனுவுக்குப் பிறகு அளக்கப்பட்டது. பதினான்கு கல் நட்டார்கள். காலையில் நடக்கும்போது ஒவ்வொரு கல்லையும் கம்பால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவார். ஒருநாள் ஆறாம் நம்பர் கல் இரண்டடி நகர்ந்திருந்தது. யாருடைய வேலை என்று ஊருக்கே தெரியும். இவர் போய்ச் சண்டை போடவில்லை. அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "ஆறாம் நம்பருக்குக் கால் முளைச்சிருக்கு, பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் கல் பழைய இடத்தில் நின்றது.

அவருடைய நோட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகரப் பெட்டியில் முப்பத்தொரு நோட்டுகள். எல்லாம் அடங்கல் மாதிரியே கட்டம் போட்டது. தேதி, குளம், நீர்மட்டம், பறவை, எண்ணிக்கை, குறிப்பு. நீர்மட்டத்தை அடியிலோ மீட்டரிலோ எழுதமாட்டார். 'மடை மூன்றாம் படி', 'மடை ஐந்தாம் படி மூழ்கியது' என்றுதான் இருக்கும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து நாடே காய்ந்தது. அந்த வருஷத்து நோட்டில் பக்கம் பக்கமாக 'தண்ணீர் இல்லை. பறவை இல்லை' என்று தேதி போட்டு எழுதியிருக்கிறார். ஒன்றும் இல்லாத குளத்தை, ஒன்றும் இல்லை என்று எழுதுவதற்காகவே தினமும் போய்ப் பார்த்திருக்கிறார்.

இவற்றையெல்லாம் இபேர்ட் என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுவதென்று 2021-ல் ஆரம்பித்தேன். பாதி வேலை துப்பறிகிற வேலை. 'தலையில் இரண்டு கோடு போட்ட வாத்து - 11' என்றால் இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்து, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் 'உள்ளான் - 60' என்று இருந்தால்? எங்கள் பக்கம் சேற்றில் ஓடித் திரிகிற சின்னக்கால் பறவை எல்லாமே உள்ளான்தான். அதற்குள் பத்துப் பன்னிரண்டு இனம் இருக்கும். "மாமா, இது பொரி உள்ளானா, வேற எதுவுமா?" என்று கேட்டால், "இருபது வருஷத்துக்கு முந்தி பாத்ததை இப்ப எப்படிலே சொல்ல? உள்ளான்னு எழுதிருக்கேன்னா உள்ளான்னுதான் பாத்திருக்கேன்" என்பார். ஒன்றைப் போட்டுவிடலாமே என்று நான் ஒருதடவை சொன்னபோது கோபம் வந்துவிட்டது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் அத்தனை கோபம் என்று அப்போது புரியவில்லை.

முதல் நோட்டின் முதல் வரி எனக்கு மனப்பாடம். 'நவம்பர் 1986. ஓடையில் முழங்கால் தண்ணீர். நத்தைகொத்தி 6.' எந்த ஓடை என்று எழுதவில்லை. மற்ற எல்லா வரியிலும் குளத்தின் பெயர் இருக்கிறது. கேட்டால், "ஏதோ ஒரு ஓடை" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

2023 டிசம்பர் 17, 18. திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்களுக்கு அந்தத் தேதிகளை விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. நான் ஊரில்தான் இருந்தேன். இரவு முழுக்க மாமா கரையில். அறுபத்தெட்டு வயது, ஒரு கண்ணில் புரை. ஊர்ப் பையன்கள் மணல் மூட்டை அடுக்கினார்கள், இவர் டார்ச்சோடு மறுகாலுக்கும் மடைக்குமாக நடந்துகொண்டிருந்தார். மறுகால் போகிற வழி திறந்திருந்ததால் எங்கள் கரை நின்றது. கரண்டும் இல்லை, போன் சிக்னலும் இல்லை. மழை விட்ட பிறகுதான் கீழே இருக்கிற ஊரில் ஒரு தெருவே முங்கிப்போனது தெரிந்தது. மாமா உடனே கிளம்பினார். பாலம் அரித்துக்கொண்டு போயிருந்தது. நடந்தே போனோம்.

பன்னிரண்டு வீடுகள். சுவரில் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. யார் உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆடுகள் போய்விட்டன. அரிசி, துணி, பிள்ளைகளின் புத்தகம், ரேஷன் கார்டு எல்லாம் ஒரே சேறு. வாசலில் ஒரு பாட்டி, நனைந்த நெல்லைச் சாக்கில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமா அவளிடம், "எங்கிட்டு இருந்தும்மா வந்துச்சு?" என்றார். அவள் கையை நீட்டினாள். "நேரா அங்கிட்டு இருந்து. பழகுன பாதையில வாரது மாதிரில்லா வந்துச்சு."

மாமா அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ரொம்ப நேரம் எழவில்லை. திரும்பி வரும் வழியில் உடைந்த பாலத்துப் பக்கத்தில் வைத்துத்தான் சொன்னார்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். அதுதான் அவருடைய முதல் கிராமம். 1986 மார்ச், நல்ல வெயில். ஒரு துண்டு அரசு நிலத்தைத் தன் பேருக்கு ஒதுக்கித் தரச் சொல்லி, ஒப்படை கேட்டு விண்ணப்பம். கேட்டவர் ஊரில் செல்வாக்கானவர், மேலிருந்தும் சொல்லிவிட்டார்கள். ஓடைப் புறம்போக்கு என்றால் கொடுக்க முடியாது. ஓடை ஓடவில்லை என்று கிராமத்திலிருந்து அறிக்கை போனால் வகைப்பாட்டை மாற்றிக் கொடுக்கலாம். புலத்தணிக்கை செய்து அறிக்கை அனுப்ப வேண்டும். மாமா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். 'தலத்தில் பார்வையிட்டதில், ஓடை பயன்பாட்டில் இல்லை.'

"போவவே இல்லைல. ஒரு பர்லாங்கு தூரம். வெயிலா இருக்குன்னு போவல."

நவம்பரில் மழை பெய்தது. வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவர், ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர் போவதையும், அதில் ஆறு நத்தைகொத்திகள் நின்று மேய்வதையும் பார்த்திருக்கிறார். திருத்தி ஒரு அறிக்கை அனுப்பினார். ஒப்படை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. வாங்கியவர் பத்து வருஷம் கழித்து அதை மனையாகப் போட்டு விற்றுவிட்டார். காசு சேர்த்து மனை வாங்கிய இந்தப் பன்னிரண்டு குடும்பத்துக்கும் அது ஓடை என்று எப்படித் தெரியும்? பத்திரம் சுத்தமாக இருக்கிறது.

நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் எழுதாவிட்டால் இன்னொருவர் எழுதியிருப்பார் என்றேன். "எழுதிருப்பான். ஆனா எழுதுனது நான்லா" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க அந்தப் பன்னிரண்டு வீட்டுக்கும் நிவாரண விண்ணப்பம், தொலைந்த கார்டுக்கு விண்ணப்பம் என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்.

அடுத்த மாதம் பொங்கல். 2015-லிருந்து தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். எங்கள் குளத்துக்கு நானும் மாமாவும். விடியற்காலையில் அத்தை கொடுத்த கருப்பட்டிக் காபியைக் குடித்துவிட்டுக் கரைக்குப் போனோம். பல வருஷத்துக்குப் பிறகு கடல் மாதிரி தண்ணீர், மடையின் எல்லாப் படியும் மூழ்கிக் கிடந்தது. மீசை ஆலாக்கள் தாழப் பறந்துகொண்டிருந்தன. நடுவில் ஊசிவால் வாத்துக் கூட்டம். மாமா நல்ல கண்ணில் பைனாகுலரை வைத்து, முதலில் ஜேசிபியைத் தேடிவிட்டு, அப்புறம் வாத்துப் பக்கம் திருப்பினார். உதடு அசைய எண்ணிக்கொண்டே போனார். நான் போனைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு பூனைப்பருந்து தண்ணீருக்கு மேலே வந்தது. மொத்தக் கூட்டமும் சடசடவென்று எழுந்துவிட்டது.

"எத்தனை மாமா?"

"நூத்தி நாப்பது வரை வந்துச்சு. கெடுத்துட்டான்."

"பாக்க இருநூறு இருக்கும்போலத் தெரிஞ்சுச்சு. சுமார் இருநூறுன்னு போட்டுரட்டுமா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாத்துகள் குளத்தின் தென்கோடிக்குப் போய், உடைமரங்களுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி இந்தப் பக்கம் திரும்பின.

"உக்காரட்டும்ல" என்றார்.